பாவாடை கட்டிய கேப்டன்

அந்தப் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் கேப்டனுக்கு வயிறு எரிந்தது.

என்ன நடை... என்ன ஒயில்... வெளியே மழை தெருவைக் கழுவிக்கொண்டிருக்க, நீல வெல்வெட் கவுனின் வால் தரையைத் தடவ, விசிறியால் தன் கன்னத்தைத் தானே செல்லமாகத் தட்டிக்கொண்டு, நாடக உடுப்புக்கடையின் உள்ளறைத் திரையை விலக்கி வந்தாள் அவள். கண்கள் இருக்கின்றனவே... மை தீட்டிய அந்தக் கண்கள், மழைக்கு ஒதுங்கிய இரண்டு கருங்குருவிகள் மாதிரி படபடத்தன.

'சிலரை மட்டும் கடவுள் சாவகாசமாக உட்கார்ந்து செய்கிறார்' என்று தன் ஒட்டு மீசையை அழுத்திக்கொண்டே கேப்டன் நினைத்தாள். 'என்னைச் செய்த அன்றைக்கு அவருக்கு ஏதோ அவசர வேலை. நின்றுகொண்டே செய்திருக்கிறார். மிச்சமிருந்த களிமண்ணையெல்லாம் உயரத்தில் போட்டு ஒப்பேற்றிவிட்டார்.'

ஆமாம், நினைத்தாள்தான். கேப்டன் ஒரு பெண். பெண்கள் கல்லூரியில் சேர்ந்த அன்றே அவளுடைய உயரத்தைப் பார்த்த நாடகச் சங்கம், 'ராஜா கிடைத்துவிட்டான்' என்று பெருமூச்சு விட்டது. அதிலிருந்து அவள் ராஜா, தளபதி, கொள்ளைக்காரன்... ஆள் போதாத ஒரு நாடகத்தில் கலங்கரை விளக்கமாகக்கூட நின்றிருக்கிறாள். இந்த வருஷம் கப்பல் கேப்டன். பெயரும் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தக் கேப்டனுக்கு அளவு பார்க்கத்தான் இன்று பொத்தான் வைத்த கோட்டும் இடுப்பில் வாளுமாக ஆளுயரக் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.

அழகி நெருங்கினாள். கேப்டனும் ஒரு கேப்டன் செய்ய வேண்டியதைச் செய்தாள்... ஒதுங்கி, குனிந்து, கையை நீட்டி வழிவிட்டாள். குனிந்தபோது வாளுறையின் நுனி பின்னால் தூக்கிக்கொண்டது. தூக்கியது கவுனின் வாலுக்குள் நுழைந்தது. அழகி முன்னால் ஓர் அடி வைத்தாள்...

டர்ர்ர்ர்!

"யோவ்! கண்ணைப் பின்மண்டையிலயா வெச்சிருக்க?"

அழகியின் வாயிலிருந்து வந்த குரல், பழைய கிடங்கின் இரும்புக் கதவு திறப்பதுபோல் இருந்தது.

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க... வேணும்னு பண்ணலங்க!" என்று மீசைக்காரக் கேப்டனின் வாயிலிருந்து வந்த குரலோ, பள்ளிக்கூட மணி.

இருவரும் அப்படியே நின்றார்கள். மழைகூட ஒரு கணம் நின்று பார்த்ததுபோல் இருந்தது.

"நீங்க... ஆம்பளையா?"

"நீங்க பொம்பளையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம..."

"நான்தாங்க முதல்ல கேட்டேன்!"

"இல்ல, நான்தான் முதல்ல!"

உடுப்புக்கடை அக்கா வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்வியபடி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ஊசிகளுக்கு நடுவிலேயே பேசும் வித்தை அவளுக்கு உண்டு. "ரெண்டு பேரும் மனுஷ ஜென்மந்தான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. கிழிஞ்சது என் கவுன். அதுக்கு என்ன சொல்றீங்க, அதைச் சொல்லுங்க."

கிழித்தவள் தைக்க வேண்டும். தரையில் புரளும் வால் ஆயிற்றே, உடம்பில் போட்டிருக்கும்போதுதான் அளவு நிற்கும். ஆகவே போட்டவன் அசையாமல் நிற்க வேண்டும். அக்காவின் தீர்ப்பு அவ்வளவுதான். அவன் முக்காலிமேல் ஏறினான். கேப்டன் தரையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்... மன்னிக்கவும், கோக்க முயன்றாள்.

"அக்கா, இந்தப் பொண்ணுக்குத் தைக்கத் தெரியுமா?"

"வாயை மூடிக்கிட்டு நின்னா தெரியும்" என்றாள் கேப்டன்.

"எங்க ஆம்பளைங்க காலேஜ்ல என்னை மகாராணின்னு கூப்பிடுவாங்க, தெரியுமில்ல? நான் மேடைக்கு வந்தா முதல் வரிசை மூச்சு விடாது."

"வாசனைத் தைலம் அவ்வளவு பூசினா எப்படி விடுவாங்க?"

மேலே ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். மகாராணி சிரித்துக்கொண்டிருந்தான். மேடைச் சிரிப்பு இல்லை. எதிர்பாராமல் அடிபட்டவன் வலியை மறந்து சிரிக்கும் சிரிப்பு. அந்த மை தீட்டிய கண்கள் குனிந்து அவளைப் பார்த்தன... கேப்டன் அவசரமாக ஊசியைப் பார்த்தாள். ஊசி, குத்துவதற்கு இதுதான் சமயம் என்று விரலைக் குத்தியது.

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றான். "மேல கோட்டு, வாளு, மீசை... எல்லாம் அமர்க்களம். கீழ எதுக்குக் கறுப்புப் பாவாடை? கேப்டனுக்குப் பேன்ட் தைக்கறதுக்குள்ள துணி தீந்துபோச்சா?"

கேப்டன் பெருமூச்சு விட்டாள். அது அந்தப் பெண்கள் கல்லூரியின் சட்டம். ஆண் வேஷம் போடும் மாணவி இடுப்புக்கு மேலே எப்படி வேண்டுமானாலும் ஆணாக இருக்கலாம். இடுப்புக்குக் கீழே கணுக்கால்வரை பாவாடைதான். மேலே கப்பற்படை, கீழே பெண்கள் விடுதி! அதனால்தான் அந்தக் கல்லூரி நாடகங்களில் ராஜாக்கள் எப்போதும் மேஜைக்குப் பின்னாலிருந்தே ஆண்டார்கள். காதலர்கள் இடுப்பளவு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே உருகினார்கள். பார்ப்பவர்களும் பெண்களே என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

இந்த வருஷம்தான் சிக்கல். முதல் தடவையாக வெளியார் பார்க்கக் கதவு திறக்கிறது. அப்பாக்கள், அண்ணன்கள், ஆண்கள் கல்லூரி மாணவர்கள்... எல்லாரும் வரலாம். நாடகமோ, கடலில் செத்துப்போனதாக நம்பப்பட்ட கேப்டன் திரும்பி வந்து, காதலியின் கையைப் பிடித்து நடனமாடுவதில் முடிகிறது. மேஜை கிடையாது, வேலி கிடையாது. முதல்வரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள்: "என் பொண்ணுங்க மேடையில நிக்கும்போது தப்பான இடத்துல ஒரே ஒரு சிரிப்பு கேட்டாலும் சரி... நாடகச் சங்கம் அன்னைக்கோட மூடப்படும். அடுத்த வருஷம் தாவரவியல் கண்காட்சி."

"அடப்பாவமே" என்றான் மகாராணி முக்காலியிலிருந்து. "பாவாடை கட்டின கேப்டனைப் பாத்துட்டு எங்க பசங்க சிரிக்காம இருக்கறதா?"

"அதான் எனக்குத் தூக்கம் வரல" என்றாள் கேப்டன். இவனிடம் ஏன் இதைச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் ஒத்திகையில் இந்தக் கதையைச் சொன்னபோது, கேப்டனின் மேடைக் காதலி கையிலிருந்த பூங்கொத்தை நழுவவிட்டாள். கனமே இல்லாதவள், 'உஸ்' என்றால் பறந்துவிடுவாள் என்பதால் அவளுக்குப் பஞ்சு என்று பெயர்.

"கேப்டன் அக்கா! அது எங்க அண்ணன்!"

"எது? அந்தக் கிடங்குக் கதவா?"

"அண்ணனேதான்! ஆனா ஊர்ல எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அது ராஜா வேஷம் போடுதுன்னு அம்மா நினைச்சுட்டிருக்காங்க. 'தலையில கிரீடம் வெச்சாங்களாடா'ன்னு கேப்பாங்க. 'வெச்சாங்கம்மா'ன்னு சொல்லும். பொய்யும் இல்ல பாருங்க... ராணிக்கும் கிரீடம் உண்டே!"

கவுனின் கிழிசல் ஒரு நாளில் தைத்து முடிக்கக்கூடியதுதான். ஆனால் கேப்டனின் தையல் ஆயிற்றே. மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்ததை மறுபடி தைக்க வேண்டியிருந்தது. அவனும் மறுபடி முக்காலியில் ஏற வேண்டியிருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல தையல்காரி, தானே நொடியில் முடித்திருக்கலாம்; ஆனால் ஊசியைக் கவ்விய வாய்க்குள் ஏதோ ஒரு சிரிப்பையும் கவ்விக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

"நீங்க நடக்கறதைப் பாத்தா கேப்டன் மாதிரி இல்ல, துறைமுகத்துல மூட்டை தூக்கறவன் மாதிரி இருக்கு" என்றான் ஒரு சாயங்காலம்.

"ஆம்பளைங்க அப்படித்தானே நடக்கறீங்க, திம்மு திம்முன்னு?"

"காலால நடந்தா அது மூட்டைக்காரன். கேப்டன் நெஞ்சால நடப்பான். இந்தத் தெருவை அவங்க அப்பா விலைக்கு வாங்கிப் போட்ட மாதிரி. பாருங்க..."

வெல்வெட் கவுனில் அவன் ஒரு கேப்டனாக நடந்து காட்டினான். விசித்திரம் என்னவென்றால், கவுன் மறைந்துபோய்க் கேப்டன்தான் தெரிந்தான். ஆனால் அதை இவனிடம் ஒப்புக்கொள்வதா?

"உங்க ராணி மட்டும் ரொம்ப ஒழுங்கோ? எப்பப் பாத்தாலும் விசிறிக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கறா. பொண்ணுன்னா சதா வெக்கப்பட்டுட்டே இருப்பாளா? எங்களுக்கும் மூக்கு அரிக்கும்ங்க."

அவன் விசிறியை மடக்கி, அதன் நுனியால், மிக மிக நாசூக்காக, மூக்கைச் சொறிந்தான். அக்கா குண்டூசிகளைக் கையில் துப்பிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு உயிர்மேல் ஆசை.

நடனம் மட்டும்தான் கேப்டனுக்கு வரவில்லை. பஞ்சு பயத்தில் முன்னும் போகமாட்டாள், பின்னும் போகமாட்டாள். நின்ற இடத்திலேயே மிதிபடுவாள். அதைச் சொன்னதும் மகாராணி கவுனின் வாலைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

"வாங்க. ஆனா முதல்லயே சொல்லிடறேன்... எனக்குப் பின்னால போகத்தான் தெரியும். இதுவரைக்கும் என்னை யாராவது ஒரு ராஜாதான் கூட்டிட்டுப் போயிருக்கான்."

"எனக்கு முன்னால போகத்தான் தெரியும்."

"அப்புறம் என்ன? ஆளுக்குப் பாதி தெரியும்."

அக்கா கத்தரிக்கோலால் மேஜையில் தாளம் தட்டினாள். தொங்கும் கோட்டுகளுக்கும் சிறகு வைத்த தொப்பிகளுக்கும் நடுவே இருவரும் சுழன்றார்கள். கேப்டன் ஓர் அடி வைக்க நினைத்தாள். நினைப்பதற்குள் அவன் அந்த இடத்தைக் காலிசெய்து தந்திருந்தான். யாருடைய காலும் மிதிபடவில்லை. எதுவும் இடறவில்லை. தகரக் கூரைமேல் மழை அதே தாளத்தில் விழுந்தது... கண்ணாடியில் ஒரு மீசையும் ஒரு விசிறியும் மாறி மாறி மின்னிப் போயின.

அவள் கை அவன் இடுப்பில் இருந்தது. நடனத்தில் அது இருக்க வேண்டிய இடம்தான். கத்தரிக்கோல் நின்ற பிறகும் அங்கேயே இருந்ததுதான் விஷயம்.

கழுவினாலும் முழுசாகப் போகாத மை அவன் இமையோரத்தில் தங்கியிருந்தது. இத்தனை கிட்டத்தில் பார்த்தால் குருவி இல்லை, ஒன்றுமில்லை... வெறும் கண்கள். அவளையே பார்க்கும் கண்கள்.

'ஐயோ கேப்டன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'கப்பல் மூழ்குதுடி.'

அந்தக் கப்பலில் ஓட்டை போட்டது பஞ்சுதான். பாவம், வேண்டுமென்று போடவில்லை. நாடகத்துக்கு முந்தைய வாரம், ஒத்திகை இடைவேளையில், பெருமை பொங்கச் சொன்னாள்.

"எங்க அண்ணன் எவ்வளவு நல்லா நடிக்கும் தெரியுமாக்கா? விடுதிச் சாப்பாட்டு அறையில தினம் உங்களை மாதிரியே நடந்து காட்டுதாம்! இடுப்புல துண்டைப் பாவாடையா சுத்திக்கிட்டு, வாளு தடுக்கி, மீசை வழுக்கி... அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்களாம். அசலைப் பாக்கணும்னு மாடி வரிசை முழுக்க அவங்களே சீட்டு எடுத்துட்டாங்க!"

கேப்டன் மெதுவாகத் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அன்று உடுப்புக்கடைக்குப் போனது தைக்க அல்ல.

"சாப்பாட்டு அறையில நான் எப்படி நடக்கறேன்? எங்க, எனக்கும் நடந்து காட்டுங்க."

மகாராணியின் முகம் வெளுத்தது. அன்று அவன் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தான். ஒளிந்துகொள்ள விசிறி இல்லை.

"கவுன் கிழிஞ்ச அன்னைக்குப் பண்ணினதுங்க அது. அப்ப உங்களை எனக்குத் தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம்... பசங்க திரும்பத் திரும்பக் கேட்டானுங்க."

"நீங்களும் திரும்பத் திரும்பப் பண்ணினீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "யாராவது கைதட்டினா எனக்கு நிறுத்தத் தெரியறதில்ல."

"அந்த வியாதி எனக்கும் உண்டு. அதனால புரியுது." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "ஆனா அந்த மேடை ஒண்ணுதாங்க எங்களுக்கு இருக்கு. வேற எங்கயும் எங்களை நெஞ்சால நடக்க விடமாட்டாங்க. அதை மூடறதுக்கு மாடி நிறைய ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கீங்க. என் காலை வெச்சு நீங்க கைதட்டு வாங்கியிருக்கக் கூடாது."

குடையை எடுக்க மறந்து மழையில் இறங்கி நடந்தாள். பின்னால் அவன் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. 'மூட்டை தூக்கறவன் மாதிரியே நடக்கறேன்' என்று பாதி வழியில் தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. மழையில் அழுவதில் ஒரு வசதி, கைக்குட்டை தேவையில்லை.

அதன் பிறகு அவள் கடைக்குப் போகவில்லை. கோட்டையும் வாளையும் பஞ்சுதான் போய் வாங்கி வந்தாள். "அண்ணன் உங்களைப் பத்தி எதுவுமே கேக்கலக்கா. ஆனா ரெண்டு நாளா யார் என்ன கேட்டாலும் 'ம்'னு மட்டும் சொல்லுது. அது பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். கேப்டன் காது கேளாதவள்போல் மீசையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

நாடகத்தன்று பிற்பகலே அரங்கம் நிரம்பிவிட்டது. பெண்பிள்ளைகள் விளக்கு வைக்குமுன் வீடு சேர வேண்டும் என்பதால் அந்தக் கல்லூரிக்கு எல்லாமே பிற்பகல்தான். புதிதாக வந்திருந்த மின்விளக்குகள் பகலிலேயே எரிந்து பெருமையடித்துக்கொண்டிருந்தன. கீழே அப்பாக்கள் கைத்தடியும் கனைப்புமாக; அம்மாக்கள் தொப்பியும் விசிறியுமாக. முன்வரிசையில் பஞ்சுவின் அம்மா, ஊரிலிருந்து ரயிலேறி வந்த களைப்போடு, மகளைப் பார்க்கப் போகும் பூரிப்போடு. மேலே மாடி வரிசையில்... ஆண்கள் கல்லூரி. உதடுகளை இப்போதே கடித்துக்கொண்டு, ஒருவன் தோளை ஒருவன் இடித்துக்கொண்டு.

திரைக்குப் பின்னால் பஞ்சு நடுங்கினாள். "அக்கா, என் முழங்கால் ரெண்டும் ஒண்ணையொண்ணு குசலம் விசாரிக்குது."

"விசாரிச்சு முடிக்கட்டும். நாம மெதுவா ஆரம்பிப்போம்" என்றாள் கேப்டன். அவளுடைய முழங்கால்களுக்கும் பேச நிறைய இருந்தது. பாவாடை இருந்ததால் வெளியே தெரியவில்லை. அந்தச் சட்டத்தால் கிடைத்த ஒரே லாபம்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

முதலில் ஒருவன். பிறகு பத்துப் பேர். பிறகு அரங்கமே இடிந்து விழுந்ததுபோல் ஒரு சிரிப்பு. திரையிலிருந்த ஓட்டையில் கேப்டன் கண்ணை வைத்தாள்.

நடுவழியில் மகாராணி வந்துகொண்டிருந்தான். பச்சைப் பட்டுக் கவுன். தலையில் வான்கோழிச் சிறகு வைத்த தொப்பி. முகத்தில் பவுடர் இல்லை, மை இல்லை. இரண்டு நாள் தாடி. மார்புக்கு வைத்திருந்த தலையணைகளில் ஒன்று வயிற்றுக்கு இறங்கியிருந்தது. முதல் வரிசையை மூச்சு விடாமல் உட்காரவைக்கும் அந்த நடை எங்கே? மூட்டைக்காரன்போல் திம்மு திம்மென்று வந்தான். தன் கவுனைத் தானே மிதித்தான். விழுந்தான். எழுந்தான். கைத்தடி அப்பா ஒருவரின் மடியில் தவறி உட்கார்ந்து, "மன்னிக்கணும், இது என் இடம்னு நினைச்சேன்" என்று கிடங்குக் குரலில் சொன்னான். மாடியில் ஒருவன் பெஞ்சிலிருந்து உருண்டான். அப்பாக்கள் கண்ணைத் துடைத்தார்கள். அம்மாக்கள் விசிறியைக் கடித்தார்கள்.

முன்வரிசையில் ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "டேய்..." என்றார்கள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். ஒரே ஒரு கணம் அந்தக் கோமாளி முகம் தடுமாறியது. பிறகு, வேண்டுமென்றே, மறுபடியும் கவுனை மிதித்து விழுந்தான்.

'கேலி செய்ய வந்துட்டான்... என் நாடகத்துக்கே வந்து...' கேப்டனின் கை வாளின் பிடியை நசுக்கியது.

முதல்வரம்மா புயலாக வந்து வாசலைக் காட்டினார்கள். மகாராணி எழுந்தான். கவுனின் மடிப்பை ஒரு விரலால் சரிசெய்தான். அரங்கத்தில் எல்லாருக்குமாக, அந்த வருஷத்திலேயே மிக அழகான ஒரு வணக்கம் வைத்தான். போனான்.

திரை உயர்ந்தது.

தன் முறை வந்ததும் கேப்டன் மேடைக்குள் காலெடுத்து வைத்தாள். மேலே பொத்தான் மின்னும் கோட்டு. கீழே கறுப்புப் பாவாடை. நடுமேடைக்கு வந்து, இடிக்காகக் காத்திருப்பவள்போல நின்றாள். இப்போது வரும்... இதோ வரும்...

வரவில்லை.

மாடியில் விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இலேசாக விக்கினான். பக்கத்திலிருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான முகங்கள், சிரித்துச் சிரித்துக் கழுவப்பட்டு, கதை கேட்கத் தயாராக அவளையே பார்த்தன.

கோபமோ என்னமோ, நெஞ்சு தானாக நிமிர்ந்தது. கேப்டன் நடந்தாள்... அந்தக் கடலையே அவள் அப்பா விலைக்கு வாங்கிப் போட்ட மாதிரி. "நான் செத்துவிட்டதாகச் சொன்னது யார்?" என்று அவள் கேட்டபோது பின்வரிசையில் ஒரு தாத்தா, "நான் சொல்லல தம்பி!" என்று உண்மையாகவே பதறினார்.

நடனக் காட்சி வந்தது. பியானோ தொடங்கியது. பஞ்சுவின் கையைப் பிடித்ததும், அவள், காதலிக்கு உரிய புன்னகையை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்.

"அக்கா, அண்ணன் சொல்லச் சொல்லுச்சு. முன்னாடியே சொன்னா நீங்க விடமாட்டீங்களாம்..."

"இப்பவா? சுத்து!"

சுற்றினார்கள்.

"ஒரு கூட்டத்துக்கிட்ட, மாறிப்போன உடுப்புக்குன்னு ஒரே ஒரு சிரிப்புதான் இருக்குமாம். அதை அண்ணன் முன்னாடியே வாங்கிட்டுப் போயிடுதாம். மிச்சம் இருக்கறதெல்லாம் உங்களுக்காம்."

கேப்டனுக்கு ஒரு தாளம் தவறியது. நல்லவேளை, பார்த்தவர்கள் அதைக் காதல் என்று நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

தன் நடையைப் பற்றி அத்தனை கர்வம் பிடித்தவன்... வேண்டுமென்று மோசமாக நடந்தானே. மறைத்து வைத்ததையெல்லாம் பெற்ற தாய்க்கு முன்னால் போட்டு உடைத்தானே. கண்ணில் நீர் கட்டியது. விளக்குகள் எல்லாம் பெரிய பெரிய பூக்களாக விரிந்தன. கேப்டன் பஞ்சுவைத் தூக்காத குறையாகச் சுழற்றினாள். பயந்தாங்கொள்ளிப் பஞ்சு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயப்பட மறந்து, பறந்தாள். கறுப்புப் பாவாடை குடைபோல் விரிந்து சுழன்றது. அது பாவாடையாகவே தெரியவில்லை, கடற்காற்றில் புடைத்த ஏதோ ஒன்றாகத் தெரிந்தது.

பியானோ நின்றது.

முதலில் எழுந்தது மாடி வரிசை. பெஞ்சுகளைத் தட்டி, தொப்பிகளை எறிந்து, "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கீழே அப்பாக்கள் கைத்தடியால் தரையை இடித்தார்கள். இன்னொரு தடவை ஆடினார்கள். அதுவும் போதவில்லை, மூன்றாவது தடவையும் ஆடினார்கள்.

திரை விழுந்ததும் முதல்வரம்மா மேடைக்கு வந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே துடைக்க வேண்டியிருந்தது.

"இந்தப் பாவாடை... ரெண்டாவது நிமிஷத்துக்கு அப்புறம் என் கண்ணுக்கே தெரியலம்மா. யாருக்கும் தெரியாத ஒண்ணை எதுக்குக் கட்டிக்கிட்டு?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். "அடுத்த வருஷம் பேன்ட்டே போட்டுக்குங்க. தாவரவியல் எங்கயும் ஓடிப்போகாது."

பெண்கள் கூச்சலில் கூரை எழும்பி உட்கார்ந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே கேப்டனைக் காணவில்லை.

அவள் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. காவல்காரர் கூண்டின் ஓரத்தில், நனைந்த பச்சைக் கவுனில், சிறகு ஒடிந்த தொப்பியோடு, அவன். அவனுக்குக் குடை பிடித்தபடி அவன் அம்மா, பிடித்த பிடியை விடாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி ஆட்டம் முடியட்டும்னு பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்டா! ராஜான்னு சொன்னியே... ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே... ஒரு பொம்பளை வேஷத்தைக்கூட உருப்படியாப் போடத் தெரியலையே உனக்கு!"

"அது தெரியும்மா. இன்னைக்குத்தான்..."

கேப்டனைப் பார்த்ததும் நிறுத்தினான். அவளுக்கு மூச்சு இரைத்தது. ஓடிவரும்போது ஏதேதோ யோசித்து வைத்திருந்தாள். ஒன்றுகூட இப்போது கையில் இல்லை.

"உங்கமேல கோபப்படலாம்னு வந்தேன்" என்றாள்.

"படுங்க. நியாயந்தான்."

"வரமாட்டேங்குது."

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க... சாப்பாட்டு அறையில நான் பண்ணினது தப்பு. மன்னிப்புன்னு வாயால கேட்டா அதுவும் ஒரு வசனம் மாதிரி ஆயிடும். அதான்..."

"பேசாதீங்க. நீங்க பேசினா நான் சொல்ல வந்தது மறந்துடும்." அவள் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு, கேப்டனாக இல்லாமல், நடுங்குகிற ஒரு பெண்ணாகவே சொன்னாள்: "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்ககூட இருக்கும்போது நான் யார் காலையும் மிதிக்கறதில்ல. படிப்பு முடிஞ்சதும்... என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

காவல்காரர் கூண்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டார். காதை மட்டும் வெளியே விட்டுவைத்தார்.

மேடையில் எத்தனையோ ராஜாக்கள் மண்டியிட்டுக் கேட்டிருக்கிறார்கள் மகாராணியை. ஒவ்வொருவனுக்கும் கண்ணைத் தாழ்த்தி, கழுத்தைச் சாய்த்து, மூன்று பக்கத்துக்குக் குறையாமல் பதில் சொன்னவன் அவன். இப்போது வாயைத் திறந்தான்... மூடினான். கண்ணில் மட்டும் மழையோ வேறெதுவோ மின்னியது.

அம்மா அவனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். கோபம் எங்கே போயிற்றென்று அவர்களுக்கே தெரியவில்லை.

"மொதல்ல அந்த மீசையை எடும்மா. என் வீட்டுக்கு யார் வர்றான்னு நான் பாக்க வேண்டாமா?"

கேப்டன் மீசையைப் பிய்த்தாள். வலித்தது. வெட்கத்தில் சிவந்ததா, பிய்த்ததில் சிவந்ததா என்று சொல்ல முடியாத ஒரு முகம் தூறலில் நிமிர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கா" என்றார்கள் அம்மா. பிறகு மகனின் முதுகில் ஒன்று வைத்தார்கள். "டேய்! பொண்ணு மழையில நின்னு கேக்கறா. வாயில என்ன வெச்சிருக்க? பதில் சொல்லுடா!"

"சரி!" என்றான் அவன். அவனுக்கே போதவில்லை. "சரிங்க! நூறு தடவை சரி!"

அப்படி ஒரு கனத்த குரலில் ஒரு பட்டுக் கவுன் சம்மதம் சொல்லி அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. எதிர்ச்சாரியில் நின்ற வண்டிக் குதிரைகள் இரண்டும் திரும்பிப் பார்த்தன... அதைக் கேப்டன் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்க்க வேறு கண்கள் இருந்தன.